இடது கால் வழக்கு

அநியாயம் நடந்தது என் இடது காலுக்குத்தான் பெரியம்மா. வேறு யாருக்கும் இல்லை. ஒரு கிளட்சைக் கருக்கிவிட்டது என்று, மைதானம் நிறைய ஆண்பிள்ளைகள் நிற்கும்போது அதன்மேல் பழி போட்டார்கள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. காலுக்குச் சொந்தக்காரி நான் அங்கேயே நிற்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொண்ணு கால் அப்பிடித்தான்" என்றார்கள், சிரித்தார்கள், டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த சீட் அப்படித்தான், தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். உங்கள் பெட்டி, பலகாரக் கூடை எல்லாம் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. கிளம்பும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், பயப்படாதீர்கள். ம்... பார்த்தீர்களா? அவ்வளவுதான். புதுக் கிளட்ச், இன்னும் பழகவில்லை. சத்தமா? சத்தம் எப்போதும் உண்டு. சைலன்சரை மாற்றியது என் அத்தை மகன் பூபேஷ். அதை அவனிடம் கேளுங்கள்.

என் பெயர் மௌனிகா. சிரித்துவிடுங்கள், எல்லோரும் சிரித்தாகிவிட்டது. கல்யாணப்பெண் சிந்துவுக்கு மாமன் மகள். நீங்கள் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா என்றால் எனக்கும் பெரியம்மாதான். சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம். சட்டம் படிப்பதால் இப்படிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இப்படிப் பேசுகிறேன் என்றுதான் வீட்டில் சட்டம் படிக்க அனுப்பினார்கள்.

ஸ்டேஷன் வாசலில் உங்கள் பெட்டியை அப்படிப் பறித்துக்கொண்டு ஓடியதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஒரு டாக்சிக்காரர் நின்றார், கவனித்தீர்களா? கவனிக்கவில்லையா? நல்லது. அவர் பூபேஷ் அனுப்பிய ஆள். விருந்தாளிகளை நான் கூட்டிவரக் கூடாது என்று அவன் செய்கிற சதி. ஏன் என்று சொல்கிறேன்.

ஏதோ கேட்க வந்தீர்கள். மேம்பாலம் பின்னால் போய்விட்டதே என்றா? ஆமாம், போய்விட்டது. அதில் ஏறியிருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் மண்டபம். எனக்கும் தெரியும். ஆனால் நாம் டவுன்ஹால் போய், ஒப்பணக்கார வீதியில் நுழைந்து, ராஜ வீதியைத் தொட்டு, காந்திபுரம் கிராஸ்கட் ரோடு வழியாகப் போகப்போகிறோம். நானாக எடுத்த முடிவு இல்லை, அத்தையின் தீர்ப்பு. உங்கள் சம்பந்தியம்மா. வழக்கை முழுசாகக் கேட்டால்தான் தீர்ப்பு புரியும்.

சிவப்பு விழுந்துவிட்டது. அருமை! நிற்கலாம்.

இந்தக் கார் மாமாவுடையது. அவர் பெரிய வண்டி வாங்கியதும், பழையதை எனக்கும் அத்தை மகன் பூபேஷுக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டார். முறை இருக்கிறதே என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு காரையே பங்கு போட்டு ஓட்டத் தெரியாதவன். அவன் மெக்கானிக்கல் இன்ஜினியர், பம்பு கம்பெனியில் வேலை. எதைச் சொன்னாலும் "நான் மெக்கானிக்கல்" என்று ஆரம்பிப்பான். சட்னியில் உப்பு இல்லை என்பதற்கும் அப்படித்தான் ஆரம்பிப்பான்.

கார் டர்போ கார். டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு விசிறி. நாங்கள் இன்னும் பெரிய விசிறியாகப் போட்டு, எஞ்சினுக்கு உத்தரவு போடுகிற கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதவைத்தோம். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த பலம் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. ஊருக்கு வெளியே ரேஸ் மைதானத்தில் கால் மைல் ஓட்டப்போட்டி நடக்கும் பெரியம்மா. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப வேண்டும், முதலில் கோட்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஒரு காருக்கு ஒரே ஓட்டுநர். இந்த வருஷம் என் பெயரைக் கொடுத்திருந்தேன். போன வருஷம் அவன் ஓட்டினான், இந்த வருஷம் என் முறை. இதில் ஏதாவது விவாதம் உண்டா? இல்லையே?

எஞ்சினுக்குப் பலம் வந்துவிட்டது, கிளட்சுக்கு வரவில்லை. கிளட்ச் என்றால்... நீங்கள் வண்டி ஓட்டுவீர்களா? ஸ்கூட்டியா? அதில் இது இல்லை. எஞ்சின் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு தட்டு. அந்தத் தட்டு எஞ்சினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் வண்டி ஓடும். நான் இடது காலால் இந்தக் கட்டையை மிதித்தால் பிடியை விடும், காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். எஞ்சினின் பலம் கூடிப்போனால் பழைய தட்டு பிடிக்க முடியாமல் வழுக்கும். எஞ்சின் அலறும், வண்டி அசையாது, ரப்பரும் முடியும் சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு நாற்றம் வரும்.

கம்பெனி கிளட்ச் அப்படித்தான் போனது. அப்போது ஓட்டியது யார்? பூபேஷ். அன்றைக்கு யாராவது "ஆம்பளை கால் அப்பிடித்தான்" என்றார்களா? "பாவம், கம்பெனி கிளட்ச், எத்தனைதான் தாங்கும்" என்றார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு கணபதி ஏரியாவில் ஜெரால்டு அண்ணன் கடைக்குப் போனோம். இந்த மாதிரி வண்டிகளுக்கு இந்த ஊரில் அவர்தான் என்று அவரே சொல்வார். சுவர் முழுக்கக் கோப்பைகள். எந்தக் கோப்பை எந்தப் போட்டியில் என்று கேட்டுவிட்டால் மதியச் சாப்பாடு அங்கேதான். ஓசூரில் ஒரு கம்பெனி செய்கிற பந்தயக் கிளட்ச் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தங்கச்சி, இதைப் போட்டுப் பாரு. வண்டி செத்தாலும் இது சாகாது. நாளைக்கு உன்ற பேரன் இதை எடுத்து அவன் வண்டியில மாட்டுவான்."

இதுதான் அவர் வாயால் கொடுத்த உத்தரவாதம். பூபேஷும் கேட்டான். பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருந்தது. "புதிய தட்டு பழகுவதற்கு எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டவும். அதுவரை முழுப் பலத்துடன் ஓட்டக் கூடாது." இரண்டே வாக்கியம். கமா கூடக் கிடையாது.

ஜெரால்டு அண்ணன் ஆரம்பித்தார். "இது புதுத் தோசைக்கல் மாதிரி தங்கச்சி. எடுத்ததும் தோசை வராது. தட்டும் தட்டும் தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒண்ணுக்கொண்ணு உக்காரணும். அதனால ஊருக்குள்ள..."

"ஊருக்குள்ளன்னு அட்டையில இருக்குதுங்களா?" என்றேன்.

"அட்டையில இல்ல. ஆனா..."

"இல்லைன்னா இல்லைதானுங்கண்ணா. எழுத்துல இருக்கறதோட நாமளா ஒண்ணைச் சேர்த்துப் படிக்கக் கூடாது. எண்ணூறு கிலோமீட்டர்னு போட்டிருக்கு. எங்கேன்னு போடலை. எங்க வேணா ஓட்டலாம்னுதான் அர்த்தம்."

"அட, சொல்றதைக் கேளு தங்கச்சி..."

அதற்கப்புறமும் அவர் ஏதோ சொன்னார். பக்கத்தில் கிரைண்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தவிர நானும் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது என் காதில் விழவில்லை என்றால் அது சொன்னவர் குறைதானே? கேட்கிற மாதிரி சொல்வது சொல்கிறவர் கடமை இல்லையா?

இருங்கள், இந்த டவுன் பஸ்ஸை முன்னால் விட்டுவிடுகிறேன். போங்கண்ணா, போங்க! நீங்கள் முதலில் போங்கள்! பின்னால் ஹாரன் அடிக்கிறவரைப் பொருட்படுத்தாதீர்கள் பெரியம்மா. நிற்கிற வாய்ப்பு கிடைத்தால் விடக் கூடாது. ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடைக் கூட்டம் எப்படி இருக்கிறது பாருங்கள். மிதி, எடு, மிதி, எடு. இந்தக் கட்டை சாதாரணக் கார் மாதிரி இல்லை, கனம். என் இடது கெண்டைக்கால் மட்டும் தனியாகப் பருத்துவிட்டது. நாளைக்கு முகூர்த்தத்தில் பட்டுப்புடவை கட்டினால் தெரியாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

எங்கே விட்டேன்? எண்ணூறு கிலோமீட்டர். போட்டிக்கு முந்தைய ஒத்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. காலேஜுக்கும் வீட்டுக்கும் ஓட்டினால் எண்ணூறு எப்போது சேரும்? தீபாவளிக்குச் சேரும். பூபேஷ் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, "நான் மெக்கானிக்கல். ஒரே மூச்சுல ஓட்டிட்டா என்ன?" என்றான். அவன் சொன்ன ஒரே உருப்படியான யோசனை. கோயமுத்தூரிலிருந்து கன்னியாகுமரி. போய்த் திரும்பினால் எண்ணூறு தாண்டிவிடும். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடலாம்.

"கன்னியாகுமரியா? பகவதியம்மன் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் இருக்குது, நானும் வாரேன்" என்று அத்தை புளிச்சோற்று டப்பாவோடு முன் சீட்டில் ஏறிவிட்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே சீட். பூபேஷ் பின்னால் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டான்.

நான் ஓட்டினேன் பெரியம்மா. எப்படி ஓட்டினேன்! ஆண்டவனைத் தவிர அத்தை ஒருத்திதான் சாட்சி. விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன், எந்த ஊரிலும் நெரிசல் இருக்கக் கூடாது என்று. திண்டுக்கல் தாண்டி நாற்கரச் சாலையில் ஏறியதும் ஆறாவது கியர். அதற்கப்புறம் அந்தக் கிளட்சை நான் தொந்தரவே செய்யவில்லை. சுங்கச்சாவடி தவிர வேறெங்கும் காலை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. அங்கேயும் வண்டி தானாக உருண்டு போகிற மாதிரி தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து, நிற்காமலே தாண்டினேன். அத்தை டீ கேட்டார். "நிறுத்தினா கிளட்ச் மிதிக்கணும் அத்தை, வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி போனேன். அப்படிப் பார்த்துக்கொண்டேன் அதை!

சாயங்காலம் கடற்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். மறுநாள் விடியற்காலையில் அதே கடற்கரையில் சூரியன் ஏறுவதைப் பார்த்தோம். அத்தை வேண்டுதலை முடித்து, எல்லாருக்கும் சங்கு வாங்கினார். ஊர் அடங்கிய ராத்திரியில் வீடு சேருகிற மாதிரி, வந்தது போலவே திரும்பினோம். வீட்டு வாசலில் நிறுத்தியபோது எண்ணூறுக்கு மேலே காட்டியது. அட்டை கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டேன். சட்டப்படி என் கடமை முடிந்தது.

அடுத்த வாரம் ஒத்திகை. மைதானம் நிறைய வண்டிகள், வண்டிக்கு நாலு ஆண்பிள்ளைகள். பெண் என்று நான் ஒருத்தி, அப்புறம் டீக்கடை அக்கா. கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். விளக்கு பச்சையானது. காலை எடுத்தேன். முதல் கியர் நன்றாகத்தான் போனது. இரண்டாவது கியரில் முழுப் பலத்தையும் அழுத்தினேன்.

எஞ்சின் அலறியது. வண்டி அப்படியே தயங்கியது. புகை. காருக்குள் புகை, வெளியே புகை. அந்த நாற்றம். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிறேன், பூபேஷின் சிநேகிதன் ஒருத்தன், பெயர் வேண்டாம், நாளைக்குப் பந்தியில் பரிமாறுகிறவன், சொன்னான்:

"மௌனி, பிரியாணி அடிபிடிச்சுருச்சு போல! தம் ஜாஸ்தி!"

மைதானமே சிரித்தது. இன்னொருத்தன், "பொண்ணு கால்றா. அரைக் கிளட்ச்லயே தொங்கிட்டிருக்கும்" என்றான். அரைக் கிளட்ச் என்றால் கட்டையை முழுசாகவும் மிதிக்காமல், முழுசாகவும் விடாமல் காலை அதன்மேல் தொங்கவிடுவது. தட்டு பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். நானா? காலைக் கிட்டவே கொண்டுபோகாதவள் நான்!

"பூபேஷ், நீ சொல்லு" என்றேன். கன்னியாகுமரி வரை கூட வந்தவன் இல்லையா? அவன் தலையைச் சொறிந்தான். "நான் மெக்கானிக்கல்... கிளட்ச் தானாக் கருகாது மௌனி. யாரோ மிதிச்சாத்தான் கருகும்" என்றான். துரோகி. தூங்கியவன் சாட்சி சொல்ல முடியாது என்று சட்டமே சொல்கிறது. சொல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

ஜெரால்டு அண்ணன் பிரித்துப் பார்த்தார். பேரன் வண்டிக்கு மாட்டப்போகிற கிளட்ச் கருகிக் கிடந்தது. "ஓசூர்ச் சரக்குல தப்பே வராது" என்றார். "தப்பு வந்த சரக்கைக் கையில வெச்சுக்கிட்டு வராதுங்கறீங்களே" என்றேன். "பழக்கியிருந்தா..." என்றார். "பழக்கியாச்சு" என்றேன். "எங்க ஓட்டுன?" என்றார். "எங்கேன்னு அட்டையில கேட்கலை, நீங்க எப்படிக் கேட்கலாம்?" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வாதத்தில் தோற்றவர்கள் அப்படித்தான் போவார்கள்.

வீட்டில் நானும் பூபேஷும் போட்ட சண்டையில் பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அத்தை வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். மேஜைமேல் இருந்த கார்ச் சாவியை எடுத்துத் தன் இடுப்புச் சாவிக்கொத்தில் கோத்தார். பீரோச் சாவி, பூஜையறைச் சாவி, நடுவில் எங்கள் சாவி.

"செஞ்சவங்களையே கேட்போம். ஓசூர்க்காரங்க எங்க சரக்குல தப்புன்னு சொன்னா மௌனி ஓட்டட்டும். அவ காலுதான் தப்புன்னு சொன்னா பூபேஷ் ஓட்டட்டும். அதுவரைக்கும் சாவி என்ற கிட்ட."

இதற்கு மேல் நியாயமான ஏற்பாடு கிடையாது. நான் ஒத்துக்கொண்டேன். ஜெரால்டு அண்ணன் கருகின தட்டைப் பார்சல் போட்டுவிட்டார். ஓசூர் கம்பெனியில் கருகிப்போன தட்டுகளைப் பிரித்துப் பார்த்துக் காரணம் சொல்கிற இன்ஜினியர் யார் என்று விசாரித்தேன். திலகவதி மேடம். பெண்! என் சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். இத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் தட்டுகளோடு பேசுகிற ஒரு பெண். என் காலின் நியாயம் அவருக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? ராத்திரி பகலாக வாதம் தயார் செய்தேன். முதலில் அட்டையின் வாசகம். இரண்டாவது, வாய்மொழி உத்தரவாதம். மூன்றாவது, ஆம்பளைக் காலில் கிளட்ச் போனபோது கேட்காத கேள்வியைப் பெண் காலிடம் கேட்கிற பாரபட்சம்.

என்ன பெரியம்மா? ஜன்னலைக் காட்டுகிறீர்களே. ஓ, மண்டபமா? ஆமாம், அதுதான் மண்டபம். வாழைமரம் கட்டியிருக்கிறார்களே, அதேதான். தாண்டிவிட்டோம், தெரியும். மறந்துபோய்த் தாண்டவில்லை, தெரிந்தேதான் தாண்டினேன். ஒரே ஒரு சுற்று. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம், அங்கே சிக்னலில் நன்றாக நிற்கலாம். முகூர்த்தம் நாளைக்குத்தானே? காபி வாங்கித் தருகிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தையின் தீர்ப்பு அப்படி. ஓசூரிலிருந்து பதில் வந்ததும், அவர்களே வேறு தட்டு ஒன்றை அனுப்பினார்கள். அதைப் போட்டார்கள். அத்தை சாவியைக் கொத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துச் சொன்னார். "கலியாணத்துக்கு வர்ற சனம் அத்தனையும் நீயே போய்க் கூட்டியா. பூக்கடை, சமையல்காரர் வீடு, தையல்கடை எல்லாம் நீதான். டவுனுக்குள்ளயே போகோணும். மேம்பாலம் ஏறுனீன்னா சாவி திரும்பி வந்துரோணும். கலியாணம் முடியறதுக்குள்ள எண்ணூறு ஆச்சுன்னா ஞாயித்துக்கிழமை போட்டியில நீ ஓட்டு. ஆகலீன்னா அவன் ஓட்டட்டும்."

அதனால்தான் பூபேஷ் டாக்சி அனுப்புகிறான். எனக்குச் சேர வேண்டிய சனத்தையெல்லாம் மேம்பாலத்தில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறான். நேற்று உங்கள் சம்பந்தி வழியில் ஒரு குடும்பத்தையே கடத்திவிட்டான். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. உங்களை வைத்து ஒரு சுற்று, சாயங்காலம் நாதஸ்வரக்காரர்களை வைத்து உக்கடம் வழியாக ஒரு சுற்று, முடிந்துவிடும்.

தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அட்டையில் 'ஊருக்குள்' என்று இல்லை. இன்றைக்கும் இல்லை. அடுத்த அச்சில் சேர்க்கிறார்களாம். எழுதியிருக்க வேண்டும் என்று அவர்களே ஒப்புக்கொள்வதாகத்தானே அதற்கு அர்த்தம்? அப்படியென்றால் ஜெயித்தது யார்?

அந்தப் பதில் என்னவென்று கேட்கிறீர்களா? சொல்லத்தானே போகிறேன். இந்த ஆட்டோ திரும்பட்டும். திரும்புங்கண்ணா, அவசரமே இல்ல.

அன்றைக்கு அத்தை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அத்தை, என் அப்பா, பூபேஷ், கல்யாணப்பெண், மருதாணி வைக்க வந்தவர்கள். ஜெரால்டு அண்ணனும் வந்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நானே போனை ஸ்பீக்கரில் போட்டு நடுமேஜையில் வைத்தேன். நியாயம் எல்லோர் காதிலும் விழ வேண்டும் இல்லையா?

"தட்டைப் பார்த்தேன்" என்றார் திலகவதி மேடம். பின்னால் மெஷின் சத்தம். "யாரும்மா ஓட்டினது?"

"நான்தான் மேடம். மூணு விஷயம் சொல்லணும். முதலாவது..."

"உங்க கால்ல தப்பு இல்ல."

நான் திரும்பிப் பூபேஷைப் பார்த்தேன். மருதாணிக்காரர்கள் உட்பட எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். அந்த நிமிஷத்தோடு போனை வைத்திருக்கலாம் பெரியம்மா. நான் ஒருத்தி, "இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க மேடம், இங்க சில பேருக்குப் புரியலை" என்றேன்.

"அரைக் கிளட்ச்ல ஓட்டியிருந்தா தட்டு முழுக்கத் தேய்ஞ்சிருக்கும். இது அப்படி இல்ல. ஒரு ஓரத்துல வளையமாக் கருகியிருக்கு. மத்த இடமெல்லாம் பெட்டியில இருந்து எடுத்த மாதிரியே இருக்கு. எதையும் தொடவே இல்ல. முழுத் தட்டும் பிடிக்க வேண்டிய பலத்தை அந்த ஓரம் மட்டும் பிடிச்சிருக்கு, தாங்கலை. எண்ணூறு கிலோமீட்டர் பழக்கினீங்களா?"

"அதுக்கு மேலயே ஓட்டினேன் மேடம். சாட்சி இருக்கு. அத்தை, சொல்லுங்க!"

அத்தை போன் பக்கம் குனிந்தார். எனக்காகத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. "நானும் கூட இருந்தனுங் அம்மிணி. கன்னியாகுமரி போயிட்டு வந்தமுங். புள்ள தங்கமா ஓட்டுனாளுங். அந்தக் கட்டையத் தொடவே இல்லீங். இடது காலை மடக்கி வெச்சுட்டே வந்தாளுங். ஒரு டீக்குக் கூட நிறுத்தலீங்."

"வழியில சிக்னல்?"

"ஒண்ணு கூட மாட்டலை மேடம்" என்றேன், பெருமையாக. "விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்."

மேடம் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ எதையோ சொன்னார். அங்கே நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. மெஷினைக்கூட நிறுத்திவிட்டார்கள். மறுபடி போனுக்கு வந்தபோது அவர் குரல் ரொம்ப அன்பாக இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"தட்டு பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டுத்தான் பழகும் கண்ணு. நெரிசல்ல, சிக்னல்ல, மார்க்கெட்டுல. அந்த எண்ணூறு கிலோமீட்டரும் நீங்க அதைப் பழக்கவே இல்ல. சூரிய உதயம் காட்டக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கீங்க."